வழி குறுகினால் என்ன செய்வார்கள்?



இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி, வயிற்றுப் பகுதியில் சுமார் 2 சென்டிமீட்டர் அகலமுள்ளது. முதியோர் சிலருக்கு, விசேஷமாகப் புகைபிடித்து வந்தவர்களுக்கு, அதன் சுவர் பலவீனப்பட்டு பலூன்போல் வீங்குகிறது. அது வெடித்தால் மருத்துவமனைக்கு வந்து சேருமுன்னே பலர் இறந்துபோகிறார்கள். ஆகவே ஆண்களுக்கு வீக்கம் 5.5 சென்டிமீட்டரை எட்டும்போது சிகிச்சை செய்வது வழக்கம்.

1990-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் நகரில் டாக்டர் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக ஒரு துணிக்குழாயைச் செலுத்தி, வீங்கிய இடத்திற்கு உள்ளே பொருத்தினார். இன்று இந்த முறை உலகெங்கும் செய்யப்படுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மடித்து வைத்த துணிக்குழாய் ஓர் உறைக்குழாய்க்குள் அடங்கித்தான் உள்ளே போக வேண்டும். பழைய கருவிகளில் அது 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. அது கடந்து செல்லும் இடுப்புத் தமனியோ சிலருக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டரே இருக்கும். பெண்களுக்கு இது இன்னும் குறுகல். சிலருக்குச் சுண்ணாம்புச்சத்து படிந்து கல்போல் இறுகியிருக்கும். சிலருக்கு வளைந்து நெளிந்திருக்கும்.

அப்படியானால் மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதலாவது, சி.டி. ஸ்கேன் மூலம் தமனியின் அகலம், வளைவு, சுண்ணாம்புப் படிவு யாவற்றையும் முன்னதாகவே அளக்கிறார்கள்.

இரண்டாவது, வளைவு மட்டுமே தடையானால், விறைப்பான கம்பியைச் செலுத்தி அதை நிமிர்த்துகிறார்கள்.

மூன்றாவது, குறுகலானால் பலூனால் விரிக்கிறார்கள். அல்லது 14 பிரெஞ்சு அளவுள்ள, அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, புதிய மெல்லிய கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான்காவது, இவையும் போதாதென்றால், விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் கீறி, மேலே அகலமாயுள்ள இடுப்புத் தமனியில் 10 மில்லிமீட்டர் செயற்கைக் குழாயைத் தைத்து, அதன் வழியாகக் கருவியை அனுப்புகிறார்கள். குறுகிய பாதையை விட்டுப் புதுவாசல் திறப்பது போன்றது இது.

பலவந்தமாகத் தள்ளினால் என்ன ஆகும்? உறை உள்ளே இருக்கும்வரை கிழிசலை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். வெளியே இழுக்கும்போது தமனியும் கிழிந்து உடன் வரக்கூடும். இரத்தம் வயிற்றின் பின்புறம் பாய்ந்து, சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே உறையை எடுக்கும்போதும் கம்பியை உள்ளேயே விட்டு வைப்பார்கள். இரத்தம் கசிந்தால் அதே கம்பியின்மேல் பலூனை அனுப்பி உடனே அடைக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்தச் சிகிச்சை ஏற்பாடாகி, "பக்கவாட்டில் இன்னொரு கீறல் தேவைப்படலாம்" என்று டாக்டர் சொன்னால், சிகிச்சை தோற்றுவிட்டதென்று கலங்காதீர்கள். தமனியை முன்னதாக அளந்து பார்த்தவரே அப்படிச் சொல்வார். "இடுப்புத் தமனி எவ்வளவு அகலம் இருக்கிறது?" என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.