தீவன மூட்டையை ரொட்டிக்குப் போடலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் ரொட்டி, பன் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு 500 கிலோ மைதா ஓடுகிறது. பூஞ்சை பிடிக்காமலிருக்க கால்சியம் புரோப்பியோனேட் சேர்க்கிறோம். சீனாவிலிருந்து நேரடியாக ஒரு டன் இறக்கினால் கிலோவுக்கு நல்ல மிச்சம் என்கிறார் ஓர் ஏஜென்ட். "கோழித் தீவனத்துக்கு என்று எழுதிக் கொண்டுவந்துவிடலாம், உணவுத் துறைச் சோதனை வராது, இரண்டும் ஒரே சரக்குதான்" என்றும் சொல்கிறார். உணவு தயாரிப்பு உரிமம் என்னிடம் இருக்கிறது. இறக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோழித் தீவனத்தில் பூஞ்சையைத் தடுக்க இதே கால்சியம் புரோப்பியோனேட் உப்பைத்தான் சேர்க்கிறார்கள். உங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. சுங்க அட்டவணையிலும் இரண்டும் 2915 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. பெயர் ஒன்று, எண் ஒன்று. வேறுபடுவது தூய்மை. உணவுக்கான புரோப்பியோனேட் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈயம், ஆர்செனிக், புளோரைடு போன்றவற்றுக்கு உச்சவரம்பு உண்டு, அவற்றை ஒவ்வொரு பேட்சிலும் சோதித்துச் சான்று தர வேண்டும். தீவன மூட்டையை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. மூட்டைக்குள் இருப்பது நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் அது நல்லதா என்று சொல்ல உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

1955இல் ஜப்பானில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மொரினாகா நிறுவனத்தின் பால்பவுடரில் நிலைப்படுத்தியாக டைசோடியம் பாஸ்பேட் சேர்த்தார்கள். உணவுத் தரச் சரக்குக்குப் பதில் தொழில்துறைத் தரச் சரக்கு ஆலைக்குள் வந்தது. அலுமினிய உற்பத்தியின் துணைப்பொருளாகக் கிடைத்த அந்த உப்பில் ஆர்செனிக் கலந்திருந்தது. 12,000க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் நோயுற்றார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் முழுதும் அதன் பாதிப்போடு இருந்தார்கள். அந்த மூட்டையைப் பார்த்தவர்களுக்கும் "இரண்டும் ஒரே சரக்கு" என்றுதான் தோன்றியிருக்கும். நீங்கள் சுடும் பன்னைத் தாய்மார் பாலில் நனைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் தயாரிப்பு உரிமம் இறக்குமதிக்குச் செல்லாது. வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு) எண்ணும், அதை வைத்து எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் மத்திய இறக்குமதி உரிமமும் தனியே வேண்டும். தீவனம் என்று எழுதிக்கொடுத்து ரொட்டியில் போடுவது சுங்கச் சட்டப்படி பொய் அறிவிப்பு. சரக்கைப் பறிமுதல் செய்யலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006இன்படி நடவடிக்கை வேறு வரும்.

நேர்வழியில் இறக்கினால், பில் ஆஃப் என்ட்ரி போட்டதும் விவரம் எஃப்எஸ்எஸ்ஏஐக்குப் போகும். அதிகாரி ஆவணம் பார்த்து, தேவைப்பட்டால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தடையின்மைச் சான்று வந்த பிறகே சரக்கு உங்கள் கைக்கு வரும். அதுவரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். மூட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண் இல்லையென்றால் துறைமுகத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டச் சம்மதிப்பார்கள். பேட்ச் எண்ணோ தயாரிப்புத் தேதியோ இல்லையென்றால் ஒட்டி ஒப்பேற்ற முடியாது.

காலாவதி விதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கப்படும்போது, ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மீதமிருந்தால் போதும். இரண்டு வருட ஆயுளுள்ள மூட்டை மூன்று மாத ஆயுளோடு வந்து இறங்கினாலும் சட்டம் தடுக்காது. நஷ்டம் முழுதும் உங்களுடையது.

இப்போது உங்கள் கணக்கு. மாவின் எடையில் 0.3 சதவீதம் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒன்றரை கிலோ, மாதத்துக்கு 45 கிலோ. ஒரு டன் என்பது 25 கிலோ மூட்டைகள் நாற்பது. அதைத் தீர்க்க 22 மாதம் ஆகும். இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் வாய் திறந்த மூட்டை கட்டிதட்டிப் போகும். பணத்தை இரண்டு வருடம் மூட்டையாக அடுக்கி வைத்து நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது எவ்வளவு? நேரடி இறக்குமதி நாளுக்குப் பல டன் மைதா ஓட்டும் பெரிய ஆலைகளுக்குக்கூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. உங்கள் அளவுக்கு, உரிமம் பெற்ற இறக்குமதியாளரிடம் மாதம் இரண்டு மூட்டை வாங்குவதே சரி. பில்லில் அவருடைய உரிம எண்ணும், கூடவே அந்த பேட்சின் ஆய்வுச் சான்றும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏஜென்ட் அடுத்ததாக வெளிநாட்டு "இம்ப்ரூவர்" கலவையை நீட்டக்கூடும். அதில் பொட்டாசியம் புரோமேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் அனுமதி உண்டு என்பார்கள். இந்தியாவில் 2016இலேயே அதை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விற்கும் நாட்டின் அனுமதி இங்கே செல்லாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. புரோப்பியோனேட் அதிகம் செலவாகிறதென்றால் ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் கவரில் போடுகிறீர்களா என்று பாருங்கள். உள்ளே வேர்த்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். அதற்கு மருந்து இன்னொரு கைப்பிடி உப்பு அல்ல, ஆறவைக்கும் ரேக்கில் இன்னும் கொஞ்ச நேரம். பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் கேக்குக்கு கால்சியம் உப்பு ஒத்துவராது, உப்புவதைக் கெடுக்கும். அங்கே சோடியம் புரோப்பியோனேட் வாங்குங்கள். எதைச் சேர்த்தாலும் கவரில் பதப்பொருள் என்றும் அதன் ஐஎன்எஸ் எண்ணையும் அச்சிட வேண்டும். கால்சியம் உப்புக்கு அது 282.

ஏஜென்டிடம் இன்றே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தீவன மூட்டை ஏதாவது ஏற்கெனவே கூடத்துக்குள் வந்திருந்தால், நாளை மாவு பிசைவதற்கு முன் அதை வெளியேற்றுங்கள்.