கோவை – சென்னை: வகுத்தலில் விடுபட்ட நிமிடங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

எங்கள் வீடு சின்னியம்பாளையத்தை அடுத்த சிற்றூரில் உள்ளது. பீளமேடு விமான நிலையத்திலிருந்து எழும் விமானங்களை வாசலில் இருந்தே காணலாம். சென்ற கோடையில் ஓர் இரவு, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் தந்தையார், "ஏங்கண்ணு, அந்தப் பிளேனு மெட்ராசுக்கு எத்தன நேரத்துல போயிச் சேரும்?" என்று கேட்டார். அவர் லாரி ஓட்டுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். உடனே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கோவை விமான நிலையம் வட அட்சம் 11 பாகை 2 கலை, கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 3 கலையில் உள்ளது. சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலை, 80 பாகை 10 கலையில் உள்ளது. அட்சத்தில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. எனவே வடக்கே 117 கடல் மைல். தீர்க்க வேறுபாடு 187 கலை. இதை 12 பாகையின் கோசைன் 0.978-ஆல் பெருக்கினால் கிழக்கே 183 கடல் மைல். இவ்வளவு குறுகிய தொலைவில் பூமியின் வளைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிதாகரஸ் தேற்றமே போதும். கர்ணம் 217 கடல் மைல், அதாவது 402 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று கொண்டு வகுத்தேன். "அரை மணி நேரமுங்கப்பா!" என்றேன்.

அவர் சிரித்தார். "ரோட்டுல மெட்ராசு 500 கிலோமீட்டரு. அறுவதுல போனா எட்டே கால் மணி நேரம். ஒரு நாளாவது அந்நேரத்துக்குப் போயிச் சேந்திருக்கறனா? பொறப்படறதுக்கும் நிக்கறதுக்கும் உன்ற கணக்குல எடமே இல்லியே!"

மறுநாள் கால அட்டவணையைப் பார்த்தேன். ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம்! நாற்பது நிமிடங்கள் எங்கே போயின?

அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையிலான நேரம். முதலில் ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்து செல்ல வேண்டும். எழுந்த பின்னும், பொதுவாக 10,000 அடி உயரம் வரை 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்பாடு உண்டு: 1,000 அடிக்கு 3 கடல் மைல். 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல், அதாவது 167 கி.மீ. வேண்டும். ஏறவும் ஏறத்தாழ அவ்வளவே என்று கொண்டால், இடையில் எஞ்சுவது 68 கி.மீ. நான் வழி நெடுகிலும் இருப்பதாக எண்ணிய முழு வேகம், உண்மையில் ஐந்து நிமிடத்துக்கே!

டில்லிக்குச் சுமார் 1,900 கி.மீ.; வகுத்தால் 2 மணி 23 நிமிடம். அட்டவணையிலோ ஏறக்குறைய 3 மணி. இங்கும் கூடுதல் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆகவே சரியான சமன்பாடு:

நேரம் = (தூரம் ÷ வேகம்) + மாறிலி

நேர்கோட்டின் வெட்டுத்துண்டு என்று வகுப்பில் படித்தோமே, அதுதான் இந்த மாறிலி. டில்லிப் பயணத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. சென்னைப் பயணத்திலோ பாதிக்கு மேல்.

இதைத் தந்தையாரிடம் சொன்னபோது, "மாறிலின்னா என்ன கண்ணு?" என்றார். "நீங்க சொன்ன பொறப்படற நேரமும் நிக்கற நேரமுந்தானுங்கப்பா" என்றேன். "அதுக்கு இப்படியொரு பேரா!" என்று வியந்தார்.

எங்கள் இருவரில் எவரும் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆயினும் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நண்பர்களே, சூத்திரம் கையில் இருந்தாலும், அதில் எது விடுபட்டுள்ளது என்று வழி நடந்தவர்களிடம் ஒரு முறை கேட்போம்.