பதம் போகிற நேரத்தில் வண்டி நின்றால்

புரட்டாசி மழை பெய்த மூன்றாம் நாள் காலை. கரிசல் மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது. உளுந்து மூட்டையைப் பிரித்தாயிற்று. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ‘டக டக டக’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்தப் பதம் நாலைந்து நாளைக்குமேல் நிற்காது. முந்தி இறங்கினால் சக்கரம் புதையும். பிந்தினால் மண் கட்டி கட்டியாகப் பெயரும். அந்த நேரத்தில் வண்டி படுத்தால் என்ன பாடு என்று எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி 1994 மாடல், மூன்று சிலிண்டர், அய்யா வாங்கியது. பேட்டரி போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, 7,000 ரூபாய்க்குப் புதிது வாங்கி மாட்டினேன். உடனே எடுத்தது. பாதிக் காட்டை விதைத்தேன். மறுநாள் காலை அதே டக டக. அப்படியானால் செல்ஃப் மோட்டார்தான் என்று கழற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். பட்டறையில் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்ததும் ‘விர்’ரென்று சுற்றியது. இருந்தாலும் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிக்கொண்டு வந்து மாட்டினேன். வண்டி எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். வண்டியைத் தொடவே இல்லை. நடந்ததை மட்டும் கேட்டார்.

“மேசையில வச்சா சுத்துது, வண்டியில மாட்டுனா சுத்தல. அப்பம் கோளாறு செல்ஃபுல இல்ல தம்பி. கரண்டு வாற பாதையில இருக்கு.”

“பேட்டரி புதுசு அண்ணாச்சி.”

“பேட்டரி புதுசு. ஒயரு என்னைக்கு உள்ளது?”

லாரிக்காரர்கள் வைத்திருக்கும் தடித்த ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் கவ்வவிட்டு, “இப்பம் அடிங்க” என்றார். ஒரே அடியில் வண்டி எடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோளாறு எர்த் ஒயரில். போன வருடம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது, எர்த் ஒயரைக் கழற்றி, சேஸியில் அது உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன்மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை மாதம் கரண்ட் போய்வந்திருக்கிறது. மழை ஈரத்தில் அந்த மரையும் துருவேறிவிட்டது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஒயர் முனையையும் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். செலவு ஒன்றுமில்லை.

இதன் கணக்கை அன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் 3 வோல்ட் போனால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஆனால் அதே ஒயரில் ஹார்ன் அடிக்கும், விளக்கு எரியும், ஏனென்றால் அவை இழுப்பது சில ஆம்பியர்தான். ‘லைட் நல்லா எரியுதே, ஒயர்ல என்ன கோளாறு இருக்கப்போகுது’ என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

அதற்குப் பிறகு சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே இதே மாதிரி பார்த்தால் அந்தப் பக்கத்து ஒயரின் நிலையும் தெரிந்துவிடும். பேட்டரியைத் தனியாகப் பார்ப்பதென்றால், வண்டி ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. புது பேட்டரி வாங்கினாலும் அது சில நாளில் இறங்கிவிடும்.

மீட்டர் இல்லாதவர்கள் காதை நம்பலாம். டக டகவென்று தொடர்ந்து அடித்தால் வோல்ட் போதவில்லை. பேட்டரி, டெர்மினல், எர்த் என்று பாருங்கள். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றால் சோலனாய்டின் உள்முனை தேய்ந்திருக்கலாம், செல்ஃப் மோட்டாரே இறுகியிருக்கலாம். சத்தமே இல்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. சாவி ஸ்விட்ச்சையும் சின்ன ஒயரையும் பாருங்கள். சில வண்டிகளில் ஹை-லோ கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்காது. அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால் கதை வேறு. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு பதினேழு மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து, சூடும் இறங்கிவிடும். அதனால் வேகம் குறைவாகத் தெரிந்தால் திரும்பவும் பேட்டரிப் பக்கமே போக வேண்டும். நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லையா, சைலென்சரைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை.

டீசல் போகாததற்கு எங்கள் வண்டியில் இரண்டு தடவை காரணமாக இருந்தது, இழுத்துவிட்ட ஸ்டாப் கம்பி திரும்ப உள்ளே போகாததுதான். மற்ற நேரங்களில் ஏர் லாக். ஃபில்டரின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பைக் கையால் அடிக்க, நுரை நுரையாக வரும். குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் முடுக்க வேண்டும். அடுத்து பம்ப்பிலும் அப்படியே. நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது மட்டும் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அடிக்கடி ஏர் பிடித்தால், எங்கோ செம்பு வாஷர் நசுங்கியிருக்கிறது, அல்லது டேங்கிலிருந்து வரும் குழாயில் வெடிப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் தினமும் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவினால் போதும், மூடித் துளை வழியாக உள்ளே போகாமல். கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில், மாட்டும்போது கடைசியில். பக்கத்தில் பீடி வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடியுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். சாவியில் எடுக்கவில்லை என்றதும், தரையில் நின்றபடி ஸ்க்ரூடிரைவரை சோலனாய்டின் இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஷார்ட் செய்து எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. நியூட்ரல் பாதுகாப்பு அங்கே வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி எடுத்த நொடியே நகரும்; நாம் நிற்பது பெரிய சக்கரத்துக்கு முன்னால். சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். என் மகனுக்கு வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்த முதல் நாள், கலப்பையைப் பற்றியோ கியரைப் பற்றியோ பேசாமல் இதைத்தான் சொன்னேன்.

இப்போது ஆவணி பாதியிலேயே எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துவிடுகிறோம். மீட்டரின் முள்ளை அவன் பிடிக்கிறான், நான் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்புகிறேன். போன வாரம் பார்த்தபோது 0.2 காட்டியது.