தரிசு என்று எழுதப்பட்ட நிலம்



தருமபுரியிலிருந்து சேலம் செல்வோர், இருமருங்கும் குன்றும் புதர்க்காடும் சூழ்ந்த தொப்பூர்க் கணவாயைக் கடந்தே ஆகவேண்டும். அக்குன்றுகளின் அடிவாரத்தில் ஆசிரியப் பணி ஆற்றிய நாள்களில் நான் செய்த பிழையொன்றை முதற்கண் கூறி, இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

நில வகைகளைக் கற்பித்த ஒருநாள், கரும்பலகையில் ‘தரிசு: பயனற்ற நிலம்’ என்று எழுதினேன். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, “டீச்சர், கௌதாரி அங்கேதானே முட்டை இடுகிறது? முயலும் அங்கேதானே இருக்கிறது?” என்று வினவினான். தேர்வில் எழுதவேண்டிய விடை இதுவே என்று கூறி அவனை அமரச் செய்தேன். அவன் கேட்டது சரி. நான் எழுதியதே தவறு. இதனை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

நம் முனிவர்கள் மழைக்காலத்து நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குவது ஏன்? ஈரம் பட்ட மண்ணில் எங்கும் உயிர்கள் தோன்றிப் பெருகுதலின், தம் நடையால் அவற்றிற்குத் தீங்கு நேரலாகாது என்பதனாலன்றோ? அக்கண் கொண்டு நோக்குவார்க்கு ‘வெற்று நிலம்’ என ஒன்று இல்லை. கையால் கொல்லாதிருந்து, உயிர்கள் வாழும் இடத்தை அழிக்க உடன்படுவோமாயின், நம் கொல்லாமை பாதி விரதமே ஆகும்.

பள்ளிக்கரணை கூறும் பாடம்

ஒரு நிலத்திற்கு நாம் இடும் பெயர் அதன் விதியை எவ்வாறு முடிவு செய்கிறது என்பதற்குச் சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணை தக்க சான்று. மழைவெள்ளத்தைத் தன்னுள் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியே மெல்லக் கடல் நோக்கி விடுக்கும் சதுப்புநிலம் அது. ஊரார் அதனைக் ‘கழுவெளி’ என்றனர். 1965-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,500 எக்டேர் பரந்திருந்த அந்நிலம், அரை நூற்றாண்டிற்குள் ஏறத்தாழ 600 எக்டேராகக் குறுகிற்று. பயனற்ற சேற்று நிலம் என்னும் எண்ணமே இதற்கு வழி வகுத்தது. ஒருபால் மாநகரக் குப்பை குவிந்தது. மறுபால் சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. கூழைக்கடா, பூநாரை, இலைக்கோழி முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்களின் இருப்பிடம் இவ்வாறு சுருங்கியது.

அப்பகுதிக் குடியிருப்போர் குரல் எழுப்பினர். ‘கேர் எர்த்’ அமைப்பைச் சார்ந்த ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்ற ஆய்வாளர்கள் அங்கு வாழும் உயிர்களையும் நீர் செல்லும் வழிகளையும் ஆராய்ந்து எழுதினர். 2007-இல் சதுப்புநிலத்தின் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,247 எக்டேர் ராம்சார் தலமாக உலக அளவில் ஏற்பு பெற்றது. சதுப்புநிலப் பணிக்காக ஜெயஸ்ரீ அம்மையார்க்கு 2025-இல் ராம்சார் விருது கிடைத்தது.

எனினும் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, உரிய ஆய்வு முடியும்வரை அத்தலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் அளவிற்குப் புதிய கட்டுமான அனுமதி வழங்கலாகாதென ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றிற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ராம்சார் எல்லை, புல எண் வாரியாக நிலத்தில் அளந்து உறுதி செய்யப்படாமையே அவ்வழக்கின் முடிச்சாக நின்றது. பெருமை கிடைத்த பின்னரும் பதிவு முழுமை பெறாவிடில் காவல் தளரும் என்பது இதனால் விளங்கும்.

மக்களுக்கு வீடு வேண்டாவோ என்று சிலர் கேட்கலாம். வேண்டும்; ஐயமில்லை. ஆயின் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நினைவிற் கொள்க. வாழ்நாள் சேமிப்பை அங்கு முதலிட்ட எளிய குடும்பங்களும் துன்புற்றன. பறவைக்கு இழைத்த தீங்கு மனிதர்க்கும் தீங்காகவே திரும்பியது.

அரிட்டாபட்டியின் துணிவு

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நம்மவர் நன்கறிவர். மகாவீரர் திருவுருவமும் சமண முனிவர்தம் கற்படுக்கையும் அமைந்த குன்றுகள் அவை. வல்லூறுகள் வாழும் இடமுமாகும். 2022 நவம்பரில் அப்பகுதி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில், அதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது, ஊர்கள்தோறும் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. மக்கள் ஒன்றுபட்டதோடு, நிலத்தின் சிறப்பு முன்னரே பதிவாகியிருந்ததும் அவர்களுக்குத் துணை நின்றது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, எழுதி வைத்தல். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அமைதல் வேண்டும். நம் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் படியுங்கள். அதில் கௌதாரியும் முயலும் உடும்பும் இடம்பெற்றுள்ளனவா எனக் காணுங்கள். இல்லையெனின், ஆடு மேய்ப்போரையும் மூத்தோரையும் கேட்டு எழுதச் செய்யுங்கள்.

இரண்டாவது, அவையில் பேசுதல். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்கள் கிராம சபைக்குரியவை. காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் மனைப் பிரிவு வருமாயின் அங்கு அமைதியாக, ஆவணத்துடன் வினவலாம்.

மூன்றாவது, வாங்குமுன் ஆராய்தல். வண்ணக் கற்கள் நட்ட மனையைக் கண்டவுடன் முன்பணம் தந்துவிடாது, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா, ‘அ’ பதிவேட்டில் அப்புல எண் ஓடையா, ஏரியா, தரிசா என்பதை அறிந்து கொள்ளுங்கள். கேட்டும் கிடைக்காத ஆவணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் வழிப் பெறலாம். வாங்குவோர் மறுத்தால் விற்போரும் சிந்திப்பர்.

இது நம் சமயத்தார்க்கு மட்டும் உரிய கடமையன்று. உயிர்களிடம் பரிவு காட்டுதல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என அரசியலமைப்பின் 51-அ பிரிவும் கூறுகிறது.

சிந்தனைக்கு

1. உங்கள் ஊரில் ‘தரிசு’ எனப்படும் நிலம் எது? அங்கு வாழும் உயிர்களில் எத்தனையின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

2. உங்கள் வீடு எழுமுன் அந்நிலம் எவ்வாறு இருந்தது என்பதை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

3. ‘தரிசு’ என்னும் சொல்லிற்குச் சரியான பொருள் யாது?

மூன்றாம் வினாவிற்குப் பாடநூலில் விடை தேட வேண்டா. அன்று நான் அமரச் செய்த மாணவனைப் போன்ற ஒரு பிள்ளையிடம் கேளுங்கள்.