கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறும் சைக்கிள்

ஜெனரல் ஷிப்டுக்கு விம்கோ நகரிலோ மீஞ்சூரிலோ லோக்கல் ஏறுகிறவருக்கு ரயில் பெரிய தலைவலி இல்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபிறகுதான் தலைவலி. சிப்காட்டுக்குள் கம்பெனி கேட் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். கம்பெனி பஸ் இல்லாதவர் ஷேர் ஆட்டோவில் தொற்ற வேண்டும், இல்லையென்றால் நடை. இதற்கு ஒரு மடக்கு சைக்கிள் வாங்கிவிடலாமா என்று எங்கள் ஷிப்டிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கிற எல்லோருக்கும் கூடவே இன்னொரு ஆசையும் இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பூண்டி ஏரிப் பக்கம் மண்பாதையில் ஒரு சுற்று.

முதலில் சக்கரத்தைப் பாருங்கள். மடக்கு சைக்கிளில் 16 இன்ச்சும் 20 இன்ச்சும்தான் அதிகம். 26 இன்ச் முழுச் சக்கரத்தோடு மடங்குவதும் உண்டு. சிப்காட் உள்சாலைகளில் டிரெய்லர் லாரிகள் திரும்பித் திரும்பித் தாரைப் பிய்த்துப் போட்ட இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். நின்ற நிலையிலிருந்து முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்ற எவ்வளவு தள்ள வேண்டும் என்று ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 26 இன்ச் என்றால் அந்தச் சக்கரம் தாங்கும் பாரத்தில் சுமார் 62 சதவீதம். 20 இன்ச் என்றால் 75. பிராம்ப்டன் வகை 16 இன்ச் என்றால் 85. இது கல் மாதிரி விறைத்த டயருக்கான கணக்கு. அகலமான டயர் கொஞ்சம் அமுங்கி விளிம்பை விழுங்கிவிடும். ஆகவே 20 இன்ச் வாங்குகிறவர் ஃபோர்க்குக்கு நடுவே இரண்டு இன்ச் அகல டயர் நுழையுமா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மட்கார்டு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

20 இன்ச் என்று சொல்லி விற்பதிலும் இரண்டு அளவு இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 406 அல்லது 451 என்று அச்சிட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு 406 வாங்குங்கள். பிள்ளைகள் ஓட்டும் 20 இன்ச் சைக்கிள் டயரும் டியூபும் பெரும்பாலும் அதே அளவுதான். பொன்னேரி கடையிலும் கிடைத்துவிடும். இங்கே அது சின்ன விஷயமில்லை. ரோலிங் மில் வண்டிகளிலிருந்து சிந்தும் இரும்புச் சீவல் மழைக்குப் பிறகு சாலையோரம் ஒதுங்கிக் கிடக்கும். என் டயரிலிருந்து கடைசியாகப் பிடுங்கிய சுருள் நகக்கண்ணின் பிறை அளவுகூட இல்லை. இரண்டு நாள் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது, மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. பூண்டி பக்கம் போனால் இரும்புக்குப் பதில் சீமைக்கருவேல முள்.

அடுத்தது கீல். நடு ஃபிரேமில் ஒன்று, ஹேண்டில் கம்பின் அடியில் ஒன்று. சாலையில் ஓட்டும்போது இரண்டும் சமர்த்தாக இருக்கும். மண்பாதையில் உதறல் எல்லாம் அந்த நீளமான ஹேண்டில் கம்பு வழியாக இறங்கி, அடிக்கீலில்தான் வந்து முட்டும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் கிளாம்பை முறுக்கித் தரச் சொல்லுங்கள். முறுக்கியும் கேட்டால் அந்த வண்டி வேண்டாம். கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். குதிக்கவோ கரடுமுரடான பாதையில் ஓட்டவோ கூடாது என்று பல கம்பெனிகள் அதில் எழுதியே வைத்திருக்கின்றன, விளம்பரப் படத்தில் மலை தெரிந்தாலும்.

நிஜமாகவே கரட்டுப் பாதைக்கு மடங்கும் சைக்கிள் வேண்டுமென்றால் முழுச் சக்கரம்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பாரசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி செய்ததும் அப்படித்தான்: பெரிய சக்கரம், நடுவில் மடிப்பு, கையால் திருகும் விங் நட்டு. (அதே பி.எஸ்.ஏ. பெயர்தான், 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக, அம்பத்தூரிலிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.) இன்று அமெரிக்காவின் மான்டேகு அந்த வழியில் செய்கிறது. ஆனால் மடக்கினால் நீளம் பாதியாகுமே தவிர உயரம் குறையாது. கார் டிக்கியில் போடலாம். காலை நேர லோக்கலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பெட்டியே திட்டும்.

ரயிலுக்கு ஏற்றது 16 இன்ச், சந்தேகமே இல்லை. பிராம்ப்டன் மடிந்தால் சீட்டுக்கு அடியில் போகிற சூட்கேஸ் மாதிரி ஆகிவிடும். செயினும் உள்பக்கம் ஒடுங்கிவிடுவதால் பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் கிரீஸ் படாது. விலைதான் லட்சத்தைத் தாண்டுகிறது. டெகாத்லான் விற்பது போன்ற 20 இன்ச் வண்டிகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். மடிந்தாலும் கொஞ்சம் பருமன், எடை பெரும்பாலும் 13, 14 கிலோவுக்கு மேல். ஸ்டேஷன் மேம்பாலப் படியில் டிபன் பையோடு அதைத் தூக்கி ஏறிப் பார்த்தால்தான் அந்தக் கிலோக்களின் அர்த்தம் புரியும். பேட்டரி வைத்த மடக்கு சைக்கிள் இதைவிடக் கனம். அதனால் ரயிலில் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கியர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெளியே தொங்கும் டீரெயிலர் சின்னச் சக்கர வண்டியில் தரைக்கு மிக அருகில் இருக்கும். கால்வாய்க் கரையில் புல்லும் களிமண்ணும் அதைச் சுற்றிக்கொள்ளும். ரயிலில் யாராவது வண்டிமேல் சாய்ந்தால் வளைந்தும் போகும். நம் ஊர் சமதளம். ஒற்றை கியரோ, பின் ஹப்புக்குள் அடங்கும் மூன்று கியரோ தாராளம். டிஸ்க் பிரேக் ஐப்பசி மழைச் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை; கூட்டத்தில் இடிபட்டால் அதன் தகடும் கோணிக்கொள்ளும்.

பூண்டிக்கு வருவோம். ஏரிக்கரை ஓர மண்பாதைக்கு அகல டயர் போட்ட 20 இன்ச் போதும், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால். குடியம் குகைப் பக்கம் வேறு கதை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஆதிமனிதன் கருவி செய்த அதே உருண்டைக் கற்கள் சின்னச் சக்கரத்துக்கு அடியில் கோலிக்குண்டாக உருளும். அங்கே மடக்கு சைக்கிளை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு நடங்கள்.

வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு என் பதில்: 406 டயர், இரண்டு இன்ச் அகலம், ஹப் கியர், கீலில் ஆட்டமில்லாத 20 இன்ச். வாரம் ஆறு நாளும் ரயில், மண்பாதை வெறும் ஆசை மட்டும்தான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கடைக்காரர் சொல்ல மாட்டார். பழைய ஹெர்குலிஸ் ஒன்றை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் மாத வாடகை ஸ்டாண்டில் போட்டுவைத்து, கையை வீசிக்கொண்டு ரயில் ஏறலாம். என்னுடையதற்கு முன் மட்கார்டு இல்லை, மணியும் இல்லை. இதுவரை யாரும் திருடவில்லை.