பாரமேற்றும் சிறு லொறியின் வில்தகடுகள்

கற்பிட்டி வீதி கொழும்பு–புத்தளம் நெடுஞ்சாலையைச் சந்திக்குமிடம் பாலாவியாகும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் விளையும் வெங்காயம், மிளகாய், பூசணி முதலியன பெரும்பாலும் இவ்வழியாகவே வெளிச்சந்தைகளை அடைகின்றன. இவற்றைச் சுமக்கும் சிறு லொறிகளுள் ‘டிமோ பட்டா’ என வழங்கும் டாட்டா ஏஸ் கமக்காரர் நன்கறிந்தது. 2005இல் இந்தியாவில் வெளிவந்த அதன் முதல் மாதிரி ஏறக்குறைய 750 கிலோகிராம் பாரத்துக்கென அமைக்கப்பட்டது. 50 கிலோகிராம் கொண்ட நெல்மூடைகள் 15 ஏற்றினாலே அவ்வளவு நிறைந்துவிடும்.

இருபது மூடை ஏற்றிப் பின்புறம் தாழ்ந்ததும் வில்தகடொன்றைக் கூடுதலாகச் சேர்ப்போர் பலர். தகடு சேர்ப்பின் தாழ்வு குறையும். அச்சு, பிறேக், டயர் ஆகியவற்றின் வலிமை கூடாது. மிகைப்பாரம் கண்ணுக்குத் தெரியாமற் போவதே இதிலுள்ள அபாயம். வெறுவண்டி துள்ளியோடுதலும், தக்காளிபோன்ற மென்காய்கள் நசுங்குதலும் பிற தீமைகள்.

அளவான பாரத்திலேயே வண்டி தாழுமாயின், தகடுகள் தளர்ந்தோ முறிந்தோ இருத்தல் கூடும். வெறுவண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மேல்வளைவு வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுக. பழுதான தகடுகளை அதே அகலமும் தடிப்பும் உள்ளவற்றால் இருபுறமும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். தகடுகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்தின் பின் மீண்டும் இறுக்குதல் அவசியம். அவை தளர்ந்தால் நடு ஆணி முறிந்து அச்சு விலகும்.

பாலாவிப் பகுதியின் உப்புக்காற்று தகடுகளின் இடுக்கில் துருவேற்றும். ஆதலால் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுக. பாரமான மூடைகளைப் பின்னச்சுக்கு முன்பாக அடுக்குக. பின்கதவோரம் குவித்தால் முன்சக்கரங்கள் இலேசாகி வண்டி திருப்பத்துக்கு இணங்காது.