உள்நாட்டில் ஒரு சிறு கடல்: கடல்நீர் மீன்தொட்டி அமைக்கும் முறை

கடலை அடுத்திராத ஊரில் கடல்வாழ் உயிர்களைப் பேணுதல் இயலுமோ என்னும் ஐயம் உயிர்நூல் பயிலும் மாணவர்க்கு எழுவது இயல்பே. புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் அத்தகைய ஊர்களுள் ஒன்று. மாவட்டத்தின் கடற்கரையூர்களாகிய மணமேற்குடியும் கோட்டைப்பட்டினமும் அதற்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் பாக் நீரிணையை ஒட்டிக் கிடக்கின்றன. அன்னவாசலுக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசற் குகைக்கோயிலின் விதானத்திலோ தாமரைத் தடாகமொன்று தீட்டப்பெற்றுள்ளது. வறண்ட பாறையின்மேல் நீரையும் மீனையும் அன்னத்தையும் நிலைபெறச் செய்ய விரும்பிய ஓவியர் அதனை வண்ணத்தால் நிறைவேற்றினர். உயிருள்ள மீனை நிலைபெறச் செய்ய விரும்புவோர்க்கு வண்ணம் போதாது. இயற்கையின் விதிகளை அறிதல் வேண்டும். அவ்விதிகளைத் தொடக்க நிலையினர்க்கு எளிதில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கலையின் சாரத்தை முதற்கண்ணே கூறிவிடலாம். கடல்மீன் வளர்ப்போன் உண்மையில் வளர்ப்பது மீனையன்று, நீரையே. நீர் நலமாயிருப்பின் மீன் தானே வாழும். நீர் கெடின் எத்துணை விலையுயர்ந்த கருவியும் அதனைக் காவாது.

இக்கலை வளர்ந்த வரலாறு

இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கைநூலறிஞர் கடலுயிர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வாழவைக்கும் முறையை ஆராய்ந்தார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன்மனை திறக்கப்பட்டது. கடலுக்குத் தொலைவிலுள்ளோரும் பயன்பெறுமாறு, உப்புகள் சிலவற்றை நன்னீரிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் காஸ் வெளியிட்டார்.

நம் நாட்டில், சென்னை அரும்பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால், 1909ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் மீன்காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் அது மீன்துறையினர் பொறுப்பிற்கு மாறி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. 1947ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் அதன் ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. அழகுமீன்களைக் கடலினின்று பிடியாமல் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறையை அந்நிலையத்தார் கண்டமை நம்மனோர்க்குப் பெருநன்மையாயிற்று. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

தொட்டி

சிறிய தொட்டியே தொடக்கத்திற்கு எளிதென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறையக் குறைய அதன் வெப்பமும் உப்பளவும் விரைந்து மாறும். பெருநீரில் மாற்றம் மெல்ல நிகழும். ஆதலின் 60 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 40 உயரமும் உடைய தொட்டியினும் சிறியதை மேற்கொள்ளாதிருத்தல் நன்று. அது 108 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, மேலே சிறிது இடம் விட்டால், 90 லிட்டர் நீர் நிற்கும். அனைத்தும் சேர்ந்த எடை நூறு கிலோகிராமுக்கு மேற்படுமாதலின் உறுதியான மேடை வேண்டும். நேர்வெயில் படும் சாளரத்தருகே வைத்தலாகாது. நீர் தொடும் இடத்தில் இரும்போ செம்போ பித்தளையோ இருத்தலும் ஆகாது. உப்புநீர் உலோகத்தை அரிக்கும். கரைந்த செம்பு சிறிதளவேனும் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சாம்.

நீரும் உப்பும்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அதில் நூற்றுக்கு 86 பங்கு சோடியமும் குளோரினுமே. எஞ்சிய 14 பங்கில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், கந்தகச் சேர்மம் முதலியன அடங்கும். இச்சிறு பங்கின்றிக் கடலுயிர் வாழாது.

வேதாரணியத்தினின்றோ தூத்துக்குடியினின்றோ வந்த உப்பும் கடலில் விளைந்ததே. அதனை மீளக் கரைத்தால் கடல்நீர் ஆகாதோ எனின், ஆகாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியச் சேர்மங்கள் முன்னரே படிந்துவிடுகின்றன. அடுத்துச் சமையலுப்பு படிகின்றது. மக்னீசியமோ இறுதியில் எஞ்சும் கசப்புநீரில் தங்கிவிடுகின்றது. அளத்தினர் வாரியெடுப்பது இடையிற் படிந்ததை மட்டுமே. ஆகவே, மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்குதலே தக்கது.

கிணற்றுநீரும் குழாய்நீரும் தம்முள் பல பொருள்களைக் கரைத்து வைத்திருக்குமாதலின், வீடுகளில் வழங்கும் ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரைக் கொள்க. 90 லிட்டருக்கு 3 கிலோ 150 கிராம் உப்பு கணக்காம். கலவையில் ஈரம் இருப்பதால் சற்று மிகுதியாக வேண்டியிருக்கும். வேறொரு பிளாஸ்டிக் கலத்தில் நீரை முன்னர் ஊற்றி, உப்பைப் பின்னர்ச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி, ஒருநாள் முழுவதும் காற்றுக் குமிழ் விடுக. ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவி 1.024க்கும் 1.026க்கும் இடையே காட்டினால் அளவு சரியென்க.

இவ்வளவு நுணுக்கம் ஏனெனின், கடல்மீனின் குருதியிலுள்ள உப்பு கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அதனால் அதன் உடல்நீர் இடையறாது வெளியே இழுக்கப்படுகின்றது. மீன் கடல்நீரைப் பருகி அவ்விழப்பை ஈடுசெய்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே கழிக்கின்றது. வெளியுப்பு திடீரென மாறின் இவ்வேற்பாடு தடுமாறும்.

காணாத வேலையாட்கள்

கடைக்குச் சென்று பெட்டியையும் மீனையும் ஒரே நாளிற் கொணர்வோர் பலர். சில நாட்களில் நீர் தெளிந்தே இருக்க, மீன் மட்டும் மூச்சுத் திணறி மடியும். இது நோயன்று, நஞ்சு. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின், அம்மோனியா அதில் கொடிய வடிவிலே மிகுதியாக நிற்கும். கடலின் பரப்பில் அது கரைந்து மறையும். தொட்டிக்குள் போக்கிடம் ஏது?

இதற்கு இயற்கையே மருந்து வைத்துள்ளது. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முன்னவை இரண்டும் நஞ்சு. இறுதியது கொடுமை மிகக் குறைந்தது. இந்நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கியவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இவை மணலிலும் கல்லின் துளைகளிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

ஆகவே முதல் மாதத்தில் தொட்டியில் மீன் வேண்டா. தோலுரித்த இறால் துண்டொன்றை நீரிலிட்டு அழுகவிடுக. வடிகட்டியும் காற்றுக் குமிழும் இரவும் பகலும் இயங்குக. சோதனைக் குப்பிகளைக் கொண்டு மூன்று நாட்களுக்கொருமுறை நீரை ஆராய்ந்து ஏட்டிற் குறிக்க. முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட்டு ஏறும். பின்னர் அதுவும் இறங்கி நைட்ரேட்டு தோன்றும். முன்னவை இரண்டும் இல்லையெனக் காட்டும் நாளே மீன் புகத்தகும் நாள். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

வெயிலும் ஆவியும்

அன்னவாசல் போன்ற வறண்ட உள்நாட்டூரில் கோடையே பெரும் பகை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 90 லிட்டரில் 9 லிட்டர் வற்றினால், அதே 3,150 கிராம் உப்பு 81 லிட்டரில் நிற்க, லிட்டருக்கு 35 கிராமாயிருந்தது 39 கிராம் அளவுக்கு உயரும். குறைந்ததை உப்புநீரால் நிரப்புவோர், மூன்று முறை அவ்வாறு செய்தால் லிட்டருக்கு 45 கிராமைத் தாண்டுவர். எனவே வற்றியதை நன்னீராலேயே நிரப்புக. நீர்மட்டத்திற்குக் கண்ணாடியில் ஒரு கோடிட்டு நாள்தோறும் சரிசெய்தல் எளிய வழி. மாறாக, வாரந்தோறும் பத்திலொரு பங்கு பழநீரை இறைத்து நீக்கும்போது மட்டும் புதிய உப்புநீர் ஊற்றுக. நைட்ரேட்டு அதனாற் குறையும்.

25 முதல் 28 பாகை வெப்பமே ஏற்றது. 25 பாகையில் நன்னீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்க, கடல்நீர் 6.8 மில்லிகிராமே தாங்கும். வெப்பம் ஏற அதுவும் குறையும். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியின் காற்று படும்படி செய்தால், மண்பானை நீர் குளிர்வது போல ஆவிபோக்கால் தொட்டியும் ஓரிரு பாகை தணியும். மின்சாரம் தடைப்படும் வேளைக்கென மின்கலத்தால் இயங்கும் காற்றுக்கருவி ஒன்று இன்றியமையாதது.

முதற் குடிகள்

மண்டபத்தார் ஆராய்ச்சியின் பயன் ஈண்டு விளங்கும். கடற்சாமந்தியோடு கூடி வாழும் கோமாளி மீன், வளர்ப்பகத்திற் பிறந்ததாகவே கிடைக்கின்றது. தொட்டியிற் பிறந்த மீன் தொட்டி உணவிற்குப் பழகியது. கடலுக்கும் அதனால் இழப்பில்லை. கடற்சாமந்தி இன்றியும் அது நன்கு வாழும். 90 லிட்டருக்கு ஓர் இணை போதும். சிறு குஞ்சுகள் இரண்டை விட்டால், வலியது பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் முதிரும் வியப்பையும் காணலாம்.

கொணர்ந்த பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின்னர்த் தொட்டி நீரை ஒரு மணி நேரம் சிறிது சிறிதாகப் பையிற் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடுக. இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. பசியால் இறக்கும் தொட்டிமீன் சில. உரியவரின் மிகையன்பால் இறப்பன பல.

கடலுக்கு நாம் பட்ட கடன்

தொட்டியின் அழகிற்கெனக் கடற்கரையினின்று பவளக்கல் கொணர எண்ணுதல் கூடாது. மன்னார் வளைகுடாவில் எண்ணப்பட்ட 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் அமிழ்ந்தன. சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்குமாகப் பவளப்பாறையை அகழ்ந்தமை அதற்கொரு முதன்மைக் காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில், 2001ஆம் ஆண்டில் கற்பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியன சேர்க்கப்பட்டன. அவற்றை எடுத்தல் குற்றமாகும். துளையுள்ள சுண்ணாம்புக்கல்லும் சுட்ட மண்துண்டுகளும் நுண்ணுயிர்க்குப் போதிய இல்லமாம். நீக்கிய உப்புநீரைக் கிணற்றடியிலோ வயலிலோ கொட்டாதிருத்தலும், வளர்த்த உயிரை அயல்நீரில் விடாதிருத்தலும் நம் கடமை.

மாணவர்காள்! இதற்கு வேண்டுவன பெரும்பொருளல்ல. ஓர் ஏடு, ஓர் ஹைட்ரோமீட்டர், ஒரு மாதப் பொறுமை. கல்லூரி ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் இவ்வாறு ஒரு தொட்டி அமையின், உப்பளத்தின் வேதியியலும் நுண்ணுயிரின் உழைப்பும் மீனின் மூச்சும் ஒருங்கே கண்முன் பாடமாகும். தொண்ணூறு லிட்டரை நலமாய்க் காப்பதற்கே நாள்தோறும் இத்துணைக் கருத்து வேண்டுமென உணர்ந்தவர், மன்னார் வளைகுடாவிற் குப்பையெறிய ஒருகாலும் கை துணியார்.